மூலைக்கு நொட்டாங்கை

திங்கள் எனக்கு வார ஓய்வு.
மூஞ்சிக்கல்லுக்கு மேலே, கோயில் கூடத்தில்
பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
சாக்பீஸால் ஒரு சதுரம் கிழிப்பேன்.
பக்கத்துக்கு ஒரு ஜோடி,
நாலு பக்கம், எட்டுப் பேர்,
வாசலில் பதினாறு ஈரச் செருப்பு.

நான் சதுரத்துக்குள் நிற்பதில்லை.
உள்ளே நிற்பவனுக்கு அது சதுரமாகவே தெரியாது.
போனை ஸ்பீக்கரில் மாட்டி
ஸ்டூல்மேல் ஏறிக்கொண்டு
சொல்வது மட்டும் என் வேலை.
பழனி – கொடைக்கானல் தடத்தில்
பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

இன்றைக்கு ஒரே ஒரு பாடம்:
ஜோடிக்கு முதுகு காட்டு.
அந்தப் பக்கம் நிற்பவர் உன் மூலை.
மூலைக்கு இடது கையை நீட்டு,
பிடித்தபடி ஒரு சுற்று,
திரும்பி வந்து ஜோடிக்கு வலது.
அவ்வளவுதான்.

"இடதா?" என்றாள் பாண்டிச்செல்வி,
ஏரிக்கரையில் பிளம்ஸ் விற்கிறவள்.
"நொட்டாங்கையில காசு நீட்டுனா
கூடையவே மூடிருவேன் அண்ணே."
அவளுடைய மூலை தனிஸ்லாஸ், தபால்காரர்.
நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி
சட்டையில் துடைத்தார்.
துடைத்தபின்னும் நீட்டவில்லை.

உள்ளங்கை வேண்டாம் என்றேன்.
முழங்கைக்குக் கீழே பிடியுங்கள்.
நகர்கிற வண்டிக்கு ஓடி வந்து
படியில் தொற்றுகிறவனை
நான் பிடித்து இழுப்பேனே, அப்படி.
அப்போது யாராவது எந்தக் கை என்று கேட்டதுண்டா?

கேட்டதில்லை.
பிடித்தார்கள்.

பிறகு நான் "ஜோடிக்கு ரைட்!" என்று கூவ
எட்டுப் பேரும் நேரே முன்னால் நடந்து
நடுவில் முட்டிக்கொண்டார்கள்.
பிழை என்னுடையது.
இந்த மலையில் ரைட் என்றால் கையா?
வண்டியை எடு என்று அர்த்தம்.

"வலது" போட்டுப் பார்த்தேன்.
தாளத்துக்கு வெளியே ஓர் எழுத்து நீட்டிக்கொண்டிருந்தது,
ஜன்னலுக்கு வெளியே முழங்கை மாதிரி.
பூண்டு மண்டி ஹபீப்தான் சொன்னார்:
"சோறுன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் புரியும்."

மூலைக்கு நொட்டா,
ஜோடிக்குச் சோறு,
அடுத்தவருக்கு நொட்டா,
அதற்கடுத்து சோறு.
சிரிப்பு அடங்கவே அரைமணி ஆனது.
எட்டு மணிக்கு யாருக்கும் பசிக்காமல் என்ன செய்யும்?

சிரிக்காதவள் சந்தனமேரி.
போன இரண்டு வாரமும் எல்லாவற்றிலும் தப்புக் கை.
வலது என்றால் இடது வரும்,
உடனே மடக்கி இடுப்பில் ஒளித்துக்கொள்வாள்.
மூன்றாம் வகுப்பில் அந்த மொழியில்
ஸ்கேல் எத்தனை முறை விழுந்தது என்று
அவள் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.
இன்று நான் வாய் திறக்குமுன்
அவளுடைய இடது கை காற்றில் இருந்தது.
மற்ற ஏழு பேரும்
அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் நீட்டினார்கள்.

ஆனாலும் சதுரம் மூன்றாவது சுற்றில் கலைந்தது.
ஜோடி மாறி, மூலை மாறி,
தனிஸ்லாஸ் தனியே சுவரைப் பார்த்து நின்றார்.
ஏன் என்று ஸ்டூல்மேலிருந்து யோசித்தேன்.
கை வந்து சேர்ந்தபின்
எந்தக் கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெருமாள்மலை வந்தபின்
பெருமாள்மலை என்று கத்துகிறவன் நடத்துநரா?
அதற்கு முந்தைய வளைவிலேயே சொல்ல வேண்டும்.
மூட்டை எடுக்க, பிள்ளையை எழுப்ப,
செருப்பைத் தேட நேரம் வேண்டும்.
போன சொல்லை அவர்கள் ஆடும்போது
வரப்போகிற சொல் என் வாயில் இருக்க வேண்டும்.

ஒரு வளைவு முன்னால் போய் நின்றேன்.
நொட்டா, சோறு, நொட்டா, சோறு,
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம்,
கைக்குக் கை தாண்டித் தாண்டி
எதிர்ச்சுவரருகே
அவரவர் ஜோடி அவரவர் முன்னால்.
பாண்டிச்செல்வி தன் ஜோடியைப் பார்த்து
"நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

செவ்வாய், ஐந்தே முக்கால் வண்டி.
கண்ணாடியெல்லாம் பனி.
கடைசி ஆள் ஏறியதும் விசில் ஊதி
கம்பியைத் தட்டி
"சோறு!" என்றேன்.

வண்டி நகரவில்லை.
ஓட்டுநர் தவசி
திரும்பி என்னையே பார்த்தார்.