பதினாலு விநாடி

கொருன்யாவில் மழை பெய்வதில்லை, சாய்கிறது.
சாய்ந்த மழையில் பஸ் ஏறிப்
பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தேன்,
இருபது யூரோவுக்கும் ஒரு காப்பிக்கும்
இதயத்தைக் கொஞ்ச நேரம் வாடகைக்கு விட.

மீனவர் சங்கத்து டாக்டர் சொல்லியிருந்தார்:
நாற்பத்து நாலு வயதுக்கு உன் ரத்தம்
அதிகமாகக் கோபப்படுகிறது.

உஷீயா என் நெஞ்சு மயிரை மழித்தாள்
மூன்று இடத்தில், தபால்தலை அளவு.
நடுவிரலில் ஒரு சின்னப் பட்டை.
ஒவ்வொரு துடிப்புக்கும் விரலை இறுக்கிக் கேட்கிறது:
எவ்வளவு? இப்போது எவ்வளவு?
வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரி.

முதல் நாள் நாற்பது உதை,
பத்துப் பத்தாக,
நடுவில் மும்மூன்று நிமிஷம்.
ஏழாவதில் தொடை தீப்பிடித்தது.
எட்டாவதில் என்னை அறியாமல் மூச்சைப் பூட்டினேன்.
"மூச்சு, லேமா, மூச்சு" என்றாள்.
பத்தாவதில் திரையின் சிவப்புக் கோடு
இருநூறுக்குப் பத்து குறைவாக நின்று
என்னைத் திரும்பிப் பார்த்தது.
காதுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.
திறக்க ஆள் இல்லை.

ஐந்து நாள் கழித்து
அதே இயந்திரம், அதே எடை, அதே நாற்பது.
ஓய்வும் அதே ஒன்பது நிமிஷம்தான்,
சில்லறையாக மாற்றிவிட்டார்கள்.
ஒரு உதை.
பதினாலு விநாடிக்குச் சற்றுக் குறைய, சும்மா இரு.
ஒரு உதை.
சும்மா இரு.

சும்மா இருப்பதுதான் வலித்தது.

நான் பாறையில் கொட்டலசு சுரண்டுகிறவன்.
அலை பின்வாங்கும் இடைவெளியில் இறங்கி,
உளியால் நெம்பி, பையில் திணித்து,
அடுத்தது எழும்புமுன் ஏறிவிட வேண்டும்.
அங்கே இடைவெளி என்றால் வேலை.
ஓய்வு என்பது பாறையைக் கட்டிக்கொண்டு
தலைக்கு மேல் தண்ணீர் போவதைப் பொறுப்பது.
இங்கே எல்லாம் தலைகீழ்.
எடை போனபின் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததில் நான் என்ன செய்ய?

பன்னிரண்டாவது இடைவெளியில் கவனித்தேன்:
உதை முடிந்ததும் துடிப்பு இன்னும் நாலு எட்டு ஓடி,
பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து,
நடக்கத் தொடங்குகிறது.
இறுக்கம் விட்ட தசைக்குள்
மடை திறந்த மாதிரி இறங்குகிறது சூடு.
எவ்வளவு? என்கிறது பட்டை.
நூற்று ஐம்பத்தெட்டு என்கிறது திரை.
நூற்று ஐம்பத்தாறு.
அடுத்த உதையை அது
பழைய கடன் இல்லாமல் எதிர்கொள்கிறது,
அல்லது கொஞ்சம் கடனோடு.
இருபதாவதிலும் தொடை எரியவில்லை.
எனக்கு அது பிடிக்கவில்லை,
ஏமாற்றுவது போலிருந்தது.

பிப்ரவரியில், காற்று வடமேற்கே திரும்பிய காலையில்,
சூசோ "இன்னும் ஒரு பிடி" என்றான்.
அவ்வளவுதான்.
நான் கயிற்றின் மேல்முனையில் இருந்தேன்.
அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாயா என்று
பிறகு கேட்டார்கள்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

முப்பத்தொன்று. சும்மா இரு.
முப்பத்திரண்டு.

உஷீயா திரையை விரலால் தொட்டாள்.
உதை முடிந்து ஒன்பதாவது விநாடியில்,
காலில் எந்த எடையும் இல்லாத நேரத்தில்,
கோடு ஒன்று தனியாக எழும்பி நின்றது.
முதல் நாளைவிட உயரம்.

"இருமினாயா?"
ஆமாம் என்றேன்.

தாளின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு
இருமல் என்று எழுதினாள்.
இன்னும் எட்டு உதை பாக்கி இருந்தது.