பின்னால் வருகிறவருக்கு

அக்டோபரில், படகுத்துறைச் சரிவில்,
ஈரப் பலகையில் சறுக்கி
வண்டியும் நானும் வலப்பக்கமாகப் படுத்தோம்.
எனக்கு முழங்கை. அதற்கு இரண்டு இண்டிகேட்டர்.
ஆரஞ்சுச் சில்லுகளைப் பொறுக்கி
ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

இப்போது மார்ச். திங்கட்கிழமை தகுதிச் சோதனை.
க்ளைபேடாவின் சாலைகளில்
பனிக்காலத்து உப்பு இன்னும் பூத்துக் கிடக்கிறது.
கராஜ் எண் நாற்பத்தொன்று. ஹீட்டர் கிடையாது.
மருத்துவமனைச் சலவையறையில்
எட்டு மணிநேரம் நீராவியில் வெந்த கைகள்
இங்கே வந்ததும் விறைத்துப்போகின்றன.

தபாலில் வந்த நான்கு விளக்குகள்,
சுண்டுவிரல் நீளம்,
ஆளுக்கு இரண்டு ஒயர், மஞ்சளும் கறுப்பும்.
ஹோண்டாவிலோ இடது ஆரஞ்சு, வலது வெளிர்நீலம்,
எர்த் பச்சை.
கறுப்பைப் பச்சையோடு முறுக்கு
என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.
நிறம் எதுவானால் என்ன,
கடைசியில் எல்லாம் அந்தத் துருப்பிடித்த சட்டத்தில்தான்.

முதல் முறை ஸ்விட்சைத் தள்ளினேன்.
எரிந்தது. சிமிட்டவில்லை.
சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி
முறைத்துக்கொண்டே நின்றது.
பழைய ரிலேக்குள் ஒரு தகடு,
சூடேறினால்தான் வளையும்.
இந்தப் புது விளக்குகளோ கொறிக்கிற ஜாதி.
இதில் தகடு எங்கே சூடேற?

புது ரிலே மாட்டினேன்.
இடது போட்டால் நான்கும் சிமிட்டின.
வலது போட்டாலும் நான்கும்.
பக்கத்துக் கராஜ் வைதோதஸ்
சூப் குடுவையோடு எட்டிப் பார்த்து
“என்ன, திருவிழாவா?” என்றான்.

அவனுக்கு ஒயரிங் தெரியாது. பஸ் ஓட்டுகிறவன்.
“நவம்பர் முழுக்க எனக்கு முன்னால்
கையை நீட்டிக்கொண்டு போனது நீதானே?
கறுப்புக் கையுறை. கறுப்பு ஜாக்கெட். நாலரை மணிக்கே இருட்டு.
நீ திரும்பப் போகிறாயா,
மழை தூறுகிறதா என்று பார்க்கிறாயா?
எனக்குப் பின்னால் நாற்பது பேர், பாதிப் பேர் நின்றுகொண்டு.”

நான் பதில் சொல்லவில்லை.
வாயில் டயோடு இருந்தது.

மீட்டரில் ஒரே ஒரு பச்சை விளக்கு.
இடதுக்கும் வலதுக்கும் நடுவில்
இரண்டு பக்கமும் வாசல் வைத்த வீடு அது.
இந்த வாசலில் நுழைந்த மின்சாரம்
அந்த வாசலால் இறங்கிப் போய்
அடுத்த தெருவையும் எழுப்பிவிடுகிறது.
அதற்குத்தான் வாசலுக்கு ஒரு டயோடு.
வெள்ளிக்கோடு உள்ளே பார்த்து இருக்க வேண்டும்.
வரலாம். வந்த வழியே வேண்டுமானால் போகட்டும் என்றால்
அதுவும் முடியாது; எர்த்துக்கு மட்டும் ஒரு புதுக் கதவு.
ஈயம் உருகி, ஒரு சொட்டு
என் ஷூவில் விழுந்து கெட்டியானது.
சுருங்கு குழாயைச் சூடுகாட்ட
அவனுடைய லைட்டர்.

“பின்னால் போய் நில்லு,” என்றேன்.

சீட்டில் உட்கார்ந்தால்
என் பின்விளக்கு எனக்குத் தெரியாது.
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்,
ஒருமுறைகூட யோசித்ததில்லை.
இடப்பக்கம் தள்ளினேன்.
டிக். டிக். டிக்.
“கைரே!” என்று கத்தினான்,
நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற குரலில்.
வலப்பக்கம்.
“தெஷினே!”
மறுபடி இடம். மறுபடி வலம்.
போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.
அவன் குரல் ஒவ்வொரு முறையும்
சரியாக வருவதைக் கேட்க
இன்னும் நாலைந்து தடவை தள்ளினேன்.

சோதனையில் தேறிவிட்டது.
செவ்வாய் மாலை, வேலை முடிந்து,
தபால் நிலையத்தருகே இடப்பக்கம் திரும்பினேன்,
எவ்வளவு அழகாக, எவ்வளவு முன்கூட்டியே சொல்லிவிட்டு.

மூன்றாவது சிக்னலில் பின்னால் ஹார்ன்.
கண்ணாடியில் ஒரு பஸ்,
அதன் ஜன்னலுக்கு வெளியே
நீட்டிய இடது கை ஒன்று,
பலமாக, சலிப்போடு, ஆட்டியபடி.

குனிந்து பார்த்தேன்.
மீட்டரில் பச்சை சிமிட்டிக்கொண்டிருந்தது.