ஐம்பதடி

கதவில் பெயர் இருக்க வேண்டும்.
ஐம்பது அடி தள்ளி நின்றாலும்
பகல் வெளிச்சத்தில் படிக்க முடிய வேண்டும்.
விதி அது.
அளவுநாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு
பக்கத்து வீட்டு எலுமிச்சை வரை நடந்தேன்.
"தெரிகிறதா?" கத்தினான் வெனியமின்.
தெரிந்தது.
என் பெயரில் பாதி, அவன் பெயரில் பாதி,
கீழே ஏழு இலக்க எண்.
வண்டிதான் இன்னும் அசையவில்லை.

விற்றவர் ஸ்டாக்டன் லக்பீர்.
பதினோரு வருடம் போதும்,
மச்சான் டெக்சஸுக்குக் கூப்பிடுகிறான் என்றார்.
பேரம் முடிந்து கைகுலுக்கிய பிறகு
பனிச்சங்கிலிகளை இழுத்து வந்து போட்டார்.
"அங்கே இதை வைத்து மாட்டையா கட்டப் போகிறேன்?"
காசு வாங்கவில்லை.
மூவரும் சிரித்தோம்.
சாக்ரமெண்டோ வரும்வரை
எனக்கு அந்த இலவசமே உறுத்திக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் இப்போது சாப்பிடுவதில்லை.
நின்றுகொண்டே தின்கிறோம்.
மேசை முழுக்க நாட்டு அனுமதி, மாநில அனுமதி,
புகைச் சோதனைச் சீட்டு, அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை,
எரிபொருள் வரிக்கு ஒட்ட இரண்டு வில்லைகள்.
காப்பீட்டு முகவர் திருமதி பச்சேகோ
தொகையைச் சொல்லிவிட்டுப்
போனில் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தாள்,
இழவு சொன்னவர்கள் காத்திருப்பதுபோல.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இங்கே சுமைகூலியே சுண்டைக்காய்.

புகைச் சோதனையைத் திட்டத்தான் வாயெடுத்தேன்.
வரவில்லை.
நெடுஞ்சாலை ஓரத்து அடுக்ககத்தில் ஆறு வருடம்
ஜன்னல் கட்டையைத் துடைத்தவள் நான்.
திங்கட்கிழமை துடைத்த துணி
செவ்வாய்க்கிழமையும் கறுப்பாகவே வரும்.
கட்டணத்தைக் கட்டினேன்.
பிறகு திட்டினேன்.

சபையில் எல்லோரும் சொல்கிறார்கள்:
ரெனோவில் பதிவு செய், இரண்டு மணி நேரம்தானே.
அங்கே டீசல் காலனுக்கு ஒன்றேகால் டாலர் குறைவு.
குறைவுதான்.
ஆனால் எங்கே நிரப்பினாலும்
எங்கே ஓடினாயோ அங்கே வரி.
சக்கரம் உருண்ட ஒவ்வொரு மைலையும்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும்.
வெனியமினின் அப்பா போதகர்.
பாவ அறிக்கைகூட இவ்வளவு விவரமாக இல்லை என்கிறான்.

அனுமதி எண் செல்லுபடியாக இருபத்தொரு நாள்.
பதினாறாம் நாள் தபாலில் ஓர் உறை.
கம்பெனியின் பெயர், முழுதாக, எழுத்துப்பிழை இல்லாமல்.
முதன்முதலாக வெளியுலகம் எங்களை அப்படி அழைத்தது!
ஓடிப்போய் அவனை எழுப்பினேன்.
பிரித்தோம்.
குடியிருப்புத் தெருவில் கனரக வாகனம் நிறுத்தியதற்கு
அபராதம்.

அதை நான் தூக்கிப்போடவில்லை.
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.

தரகர்கள் கேட்பது ஒரே கேள்வி:
"எண்ணுக்கு எத்தனை நாள் வயது?"
நாற்பது பேர் வைத்துவிட்டார்கள்.
நாற்பத்தோராமவர் வைக்கவில்லை.
வுட்லண்டிலிருந்து ரெனோவுக்குத் தக்காளி விழுது,
பீப்பாய்களில்.
கூலியைக் கேட்டு நான் கணக்குப் போடுவதற்குள்
வெனியமின் சரி என்றுவிட்டான்.
போட்டுப் பார்த்தேன்.
போகவரச் செலவு போக மிச்சம் நாற்பத்தேழு டாலர்.
அதுவும் மலையில் மழை இல்லையென்றால்.

மழை இல்லை. பனி.
இரவு ஒன்பதே முக்காலுக்குக் கணவாயிலிருந்து கூப்பிட்டான்,
மூச்சு வாங்க.
லக்பீரின் சங்கிலியை மாட்டி முடித்தானாம்,
விரல்கள் தன்னுடையவை போலவே இல்லையாம்,
வரிசையாக லாரிகளின் விளக்குகள்,
நடுவே கதவில் நம் பெயர்,
பனி ஒட்டிப் பாதி மறைந்து,
என் பாதி மட்டும் தெரிகிறதாம்.

நான் என்னவாவது சொல்லியிருக்கலாம்.
பேனா கையில் இருந்தது.
"எல்லைப் பலகை வந்ததும் வண்டியை ஓரங்கட்டி
மீட்டரைப் பார்த்துச் சொல்" என்றேன்.
"கடைசி இலக்கம் வரைக்கும்."

பதினொன்று பத்துக்குச் சொன்னான்.
எழுதிக்கொண்டேன்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.