காற்று நிற்குமா

தடிக்காரன்கோணத்தில் தார் முடிந்துவிடுவதில்லை,
மெலிகிறது.
ஓரத்தை யாரோ கடித்துக் கடித்துத் தின்றதுபோல்
மெலிந்து மெலிந்து
கீரிப்பாறை தாண்டியதும் வெறும் பல்லாகிறது.
சரளை.

எனக்கு அதுதான் வேண்டும்.
அதற்காகத்தான் கொச்சியில் ஒருவரிடம்
பழைய விலைக்கு வாங்கிய இந்தச் சைக்கிள்.
ஆட்டுக்கொம்பாய் வளைந்த கைப்பிடி,
நாற்பது மில்லிமீட்டர் டயர்.
இந்தக் காசுக்கு ஒரு பசு வாங்கியிருக்கலாம்
என்றான் விஜில்.
சொன்னவன்தான் முன்னால் போகிறான்,
நேற்றிரவு போனில் வரைந்த நீலக்கோட்டை நம்பி.

எவ்வளவு சுத்தம் அந்தக் கோடு.
அதில் அட்டை இல்லை.
ஓடைக்குக் குறுக்கே விழுந்த அயனி மரம் இல்லை,
இன்னும் ஆவி விடும் யானை லத்தி இல்லை.
ஏற்றம் அங்கே ஒரு எண்: பதினொரு சதவீதம்.
இங்கே என் தொடைக்குள்
யாரோ உரலில் இடிக்கிறார்கள்.

தடத்தின் இரு பக்கமும் ரப்பர்.
காடு என்று சொல்ல வாய் வராது.
ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில்
ஒரே சரிவில் ஒரே வெட்டு, கீழே சிரட்டை.
நிஜக் காடு தொடங்கும் இடம்
மேலே, காளிகேசத்துப் பக்கம்,
மேப் பார்க்காமலே தெரிகிறது.
அங்கே ஒரு மரமும்
பக்கத்து மரத்தைப்போல நிற்பதில்லை.

இருபத்தாறாவது கிலோமீட்டரில்
உடைந்த சிரட்டைச் சில்லு ஒன்று.
ஸ்ஸ்ஸ்.

டியூப் இல்லாத டயர் இது.
உள்ளே ஊற்றிய பால் ஓட்டையைத் தானே அடைக்கும்
என்று விற்றவர் சொல்லியிருந்தார்.
அந்தப் பால் எப்போதோ கொச்சி வெயிலில்
காய்ந்து தோலாகிவிட்டது. சக்கரத்தைக் குலுக்கினால்
கிலுக்குச் சத்தம்.
விஜில் பையைக் கவிழ்த்தான்:
பம்பு, பேரீச்சம்பழம், மழைக்கோட்டு,
அவன் அம்மா வைத்த ஜெபமாலை.
டவர் இல்லை.

வாளியோடு ஒரு பெண் இறங்கி வந்தாள்,
நைட்டிமேல் ஆண்சட்டை,
நெற்றியில் அணைக்க மறந்த லைட்.
மூணு மணிக்குத் தொடங்கி முன்னூறு மரமாம்.
பேர் எஸ்தர் பாய்.
"டயரா? எங்க பாலுதானே உள்ள கெடக்கு.
கொஞ்சம் ஊத்திப் பாப்பமா?
அமோனியா விட்டதாக்கும், சட்டுன்னு உறையாது."

பிஸ்கட் கவரைக் குழலாகச் சுருட்டி
டயரின் ஓரத்தை நெம்பி
அரைச் சிரட்டை.
மூக்கு எரிந்தது.
நாங்கள் மாறி மாறிப் பம்பு அடிக்க
அவள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
ஓட்டையில் ஒரு வெள்ளைக் குமிழ்.
இன்னொன்று.
பிறகு ஒன்றும் வரவில்லை.

"காத்து நிக்குமாக்கா?"
"மரத்துல வெட்டு தானா அடையும்.
டயரு எனக்குத் தெரியாது."

நூறு ரூபாய் நீட்டினேன்.
"வேண்டாம். இது கழகத்துப் பாலு,
விக்க எனக்கு உரிமை கெடையாது.
சிந்திப் போச்சுன்னு சொல்லிக்கிடுவேன்."
சைக்கிளையே பார்த்தாள்.
"பதிலுக்கு ஒரு ரவுண்டு?"

நைட்டியை முழங்காலுக்குமேல் செருகி ஏறினாள்.
பிரேக் எங்கே என்று கேட்கவில்லை.
கியர் எதற்கென்று கேட்கவில்லை.
இறக்கம். ஷெட்டுக்குத் திரும்பும் வளைவு.
டயருக்கடியில் சரளை
பொரி வறுக்கிற மாதிரி வெடித்துக்கொண்டே போய்
வளைவுக்கப்பால் மங்கியது.

அவள் வாளிக்குக் காவலாய் நாங்கள் நின்றோம்.
என் விரல்களில் பால் காய்ந்திருந்தது.
ஒரு நகத்தால் உரித்தேன், முழுசாய் வந்தது,
என் ரேகையோடு.

"டயர் நின்றிருக்குமா?" என்றான் விஜில்.
கீழே எங்கிருந்தோ ஒரு குரல்.
கத்தலா சிரிப்பா
தெரியவில்லை.
வாளிக்குள் ஒரு ரப்பர் இலை விழுந்தது.
எடுப்பதா வேண்டாமா என்று
ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.