காலை ஆறு மணி அளவு

எழும்புமுன், யாரோடும் பேசுமுன்
நாக்குக்கடியில் தெர்மாமீட்டர்.
தொண்ணூற்றேழு புள்ளி மூன்று.
பீடிக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம்
பென்சிலால் குறிக்கிறேன்.
அப்புறம்தான் பல் தேய்ப்பு, குடம், ஸ்கூட்டி.
கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டினால்
அம்பாசமுத்திரத்தில் ஆபீஸ்.
அங்கேயும் இதே வேலைதான்.
பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை,
மணிமுத்தாறு எத்தனை,
வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு.
போன செவ்வாய்க்கிழமை
பாபநாசம் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
நானும்.
யாரிடமும் சொல்லவில்லை.

எந்த அணையும் என்னிடம்
விசேஷம் உண்டுமா என்று கேட்டதில்லை.
மற்ற எல்லோரும் கேட்டார்கள், நான்கு வருஷமாக.
கேட்டவர்களே வழியும் சொன்னார்கள்:
பதினாலாம் நாள்.
டைப்பிஸ்ட் சகாயமேரி சொன்னாள்.
மருந்துக்கடைப் பையன்கூட
கவரை மடித்தபடி, என் முகம் பாராமல்,
"பதினாலுக்கா" என்றான்.

மாகாளி ஓட்டுவது பெங்களூர் ராத்திரி பஸ்.
அந்தப் பதினாலுக்காக
யார் யார் காலையோ பிடித்து டூட்டி மாற்றி
டீசல் வாடையோடு விடியலில் வந்து இறங்குவார்.
சில மாதம் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம்.
சில மாதம்
ஃபேன் சத்தம் மட்டும்.

பாளையங்கோட்டை டாக்டர் ஜெசிந்தா
பழைய ஸ்கேன் கவரைத் திருப்பிக் கோடு போட்டார்.
"ஒனக்கு எத்தன நாளைக்கு ஒருக்க வருது?"
"முப்பத்துமூணு. சில நேரம் முப்பத்தஞ்சு."
"அப்ப பதினாலை முன்னாலருந்து எண்ணாதம்மா.
அடுத்த பீரியட்ஸ்லருந்து பின்னால எண்ணு."
விரலை மடக்கினேன்.
பத்தொன்பது. தப்பினால் இருபத்தொன்று.
நான்கு வருஷம்
பஸ் வராத நாளாகப் பார்த்து
ஸ்டாப்பில் நின்றிருக்கிறோம்.

வராத நாளிலிருந்து எப்படிப் பின்னால் எண்ணுவது?
கேட்டேவிட்டேன்.
உடம்பு முன்கூட்டியே சொல்லும் என்றார்.
பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல
வழுவழுப்பாக, அறுந்துபோகாமல் இழுபடுமாம்.
அன்று ராத்திரி ஆம்லெட்டுக்கு உடைத்ததை
அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு
இரண்டு விரலில் இழுத்துப் பார்த்தேன்.
அட, இதா.
கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரிந்த ஆள்.
வெள்ளைபடுதல் என்று பயந்து
வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறேன்.
இடது அடிவயிற்றில் எப்போதாவது சுண்டும் வலிக்கு
ஓமத்தண்ணீர்.

சூடு ஏறுவது பிறகுதானாம்.
ஏறிவிட்டால் முட்டை கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.
அது எனக்குப் புரிந்த பாஷை:
நான் இன்று எழுதும் மட்டம்
நேற்று மலையில் பெய்தது.

பதினெட்டாம் நாள் சாயங்காலம்
நூல் இழுத்தது.
போனில் எழுதினேன்: "ஷட்டர் தூக்கப்போறாங்க."
ராத்திரி ஒரு மணிக்குப் பதில்:
"தொப்பூர்ல வண்டி நிக்கி. காலைல வந்துருதேன்."
முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்கூட இல்லை.
தொப்பூர் மலைக்கு அது தெரியுமா.

எட்டரைக்கு வந்தார்.
ஒன்பதே முக்காலுக்கு ஏ.இ. போன் அடித்தார்:
"என்னம்மா, மணிமுத்தாறு அளவு வரலையே?"
"ஏறிக்கிட்டு இருக்கு சார்,
கொஞ்சம் பொறுங்க" என்றேன்.
பக்கத்தில் போர்வை குலுங்கியது.

தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது.
மறுநாள் தொண்ணூற்றெட்டு.
பன்னிரண்டு நாள் இறங்கவில்லை.
பதின்மூன்றாம் நாள் காலை
தொண்ணூற்றேழு புள்ளி மூன்று.
ஆக, நாளைக்கு வந்துவிடும்.
வந்தது.

எப்போதும் போல் அழுதேன்தான்.
ஆனால் இந்தத் தடவை
பையில் நாப்கின் இருந்தது.

ராத்திரி கிருஷ்ணகிரியிலிருந்து கூப்பிட்டார்.
"ஏட்டி, அடுத்த மாசம் என்னைக்கு டூட்டி மாத்தணும்?"
"பத்தொம்பதைச் சுத்தி.
பேனால எழுதிராதீய."