பத்துக்கு இரண்டு

படிவம் மலாயில் இருந்தது. நான் தமிழில் நிரப்பினேன்.
மிஸ் ஹேமலோஷினி ஒன்றும் சொல்லவில்லை.
முதல் கட்டத்தில், என்ன செய்யப் போகிறாய்.
அடுத்ததில், எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறாய், பத்துக்கு.
மூன்றாவதைத்
திரும்பி வந்த பிறகுதான் தொட வேண்டும்.

ஞாயிறு. ஃபெரியில் பினாங்குக்குப் போய் வருவது.
பிடிக்கும்: சுழியம்.
அழுத்தி எழுதியதில் தாள் பின்பக்கம் புடைத்தது.

குளிக்கவே பதினொரு மணி ஆனது.
பிறை தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
அம்மா சீருடையோடு விசிறிக்கடியில் கிடந்தாள்.
சப்பாத்து தேடும் சத்தத்துக்கு ஒரு கண் திறந்து
எங்கடா என்றாள்.
வீட்டுப்பாடம் என்றேன்,
ஐந்து மாதமாகப் பள்ளிப் பையைத் தொடாத நான்.
கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:
கைப்பையில பத்து வெள்ளி இருக்கு.

பட்டர்வொர்த் துறையை விட்டதும் அது வந்தது,
வழக்கமான குரலில்:
எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள்.
சாட்சி கேள் என்று சொல்லியிருந்தார் மிஸ்.
எண்ணினேன்.
பக்கத்து இருக்கை காலியா என்று ஒருவர்.
என் காதையே பார்த்த ஒரு குழந்தை.
மூன்றாவது ஆள் ஜன்னல் கண்ணாடியில்;
அது நான்தான்.

கரை நெருங்கியபோது
கயிறு வீசுகிறவன் குறி தவறினான்.
மறுபடி வீசினான், மறுபடி கடலில்.
ஈரக் கயிற்றை இழுத்தபடி
தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.
மூன்றாம் வீச்சில் மாட்டியது.
எனக்குள் ஏதோ அரை அங்குலம் நகர்ந்தது.
சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

இரவு மூன்றாம் கட்டத்தின் முன் வெகுநேரம்.
இரண்டு என்று எழுதினேன்.
இரண்டரை பொய்யாகிவிடும்.

நான்காம் ஆண்டில் கணிதத்துக்கு இதே இரண்டு வாங்கி
வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன்.
மிஸ் அதைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் போட்டு,
சுழியம்னு அடிச்சு எழுதியிருந்தியே,
இது எங்கிருந்து வந்தது என்றார்.
கயிற்றிலிருந்து என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

மறுவாரமும் அதே ஃபெரி.
பிடிக்கும்: இரண்டு.
திரும்பி வந்து எழுதியது: ஒன்று.
மழை, ஈரக் காலுறை,
கயிற்றுக்கு வேறு ஆள்.
முதல் வீச்சிலேயே மாட்டிவிட்டான்.