புகார்தாரர் தரப்பு

கயிறு என்னுடையது.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் கொட்டகையின் ஓடு பிரிந்திருந்தது.
உள்ளே இரும்புக் கூடு மட்டும்;
வயிற்றைக் கிழித்துச்
செம்புக் கம்பியை உருவியிருந்தார்கள்.
கோரையாற்றங்கரையில் வைத்துக் கொளுத்திய கருகல்
விடியும்வரை ஊருக்குள் நின்றது.
ஆற்றில் முறைத்தண்ணீர். சம்பா பால் பிடிக்கிற நேரம்.
எனக்கு நாலு மா, அதுவும் குத்தகை.

ஓடியவர்கள் இரண்டு பேர்.
அகப்பட்டவன் கவியரசன். பதினைந்து வயது.
பெயர் வைத்தவன் எங்கே என்று யாரோ சிரித்தார்கள்.
தென்னையோடு சேர்த்துக் கட்டக் கயிறு கேட்டார்கள்.
எடுத்துக் கொடுத்தேன்.
அடிக்கச் சொல்லவில்லை என்று
பிறகு பல பேரிடம் சொன்னேன்,
யாரும் கேட்காதபோதே.

"நாலு சாத்து சாத்தினாத்தான் புத்தி வரும்"
என்றார் பால் சொசைட்டி செயலாளர்.
அவர் மகன் போன வருஷம்
புது பைக்கில் ஒரு கிழவரை இடித்துவிட்டுப்
பெங்களூருக்குப் படிக்கப் போனான்.
அதுவும் ஒரு வழிமுறைதான்,
கயிறு தேவைப்படாத வழிமுறை.

தஞ்சாவூரில் குழுமம் என்றார்கள்.
கூண்டு இல்லை, மேடை இல்லை,
ஒரு மேசை, ஆறு நாற்காலி.
கூட வந்த ஏட்டு கட்டம் போட்ட சட்டையில்
யாருக்கோ மாமா மாதிரி உட்கார்ந்திருந்தார்.
தாளில் அவன் திருடன் இல்லை,
'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்'.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடியும் படித்தேன்.
செம்பு இரண்டு கிலோ எழுநூறு கிராம்.
வாங்கிய பழைய இரும்புக் கடைக்காரர் பெயர்
எந்தத் தாளிலும் இல்லை.

உறுப்பினர் அம்மா கேட்டார்:
"எவ்வளவுக்கு வித்தீங்க?"
"எழுநூறு. எனக்கு இருநூறு."
"என்ன செஞ்ச?"
"போனுக்கு ரீசார்ஜ்."

பசி என்பான், தங்கச்சிக்குக் காய்ச்சல் என்பான் என்று
எதிர்பார்த்திருக்கிறேன் போல.
மன்னிக்க ஒரு காரணம்
தேடிக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறேன்.
அவன் தரவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.
"செங்கமலம், உங்களுக்கு என்ன வேணும்?"
காயில் கட்ட எட்டாயிரத்து ஐநூறு.
ஒன்பது நாள் தண்ணீர்.
பதராகிப்போன மூன்று மூட்டை.
சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளாத தூக்கம்.
இதில் எதைப்
பதினைந்து வயதுப் பையனிடம் கேட்பது?
"மோட்டார்" என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

இருபது நாள் கூர்நோக்கு இல்லம்.
(யார் யாரைக் கூர்ந்து நோக்குவார்கள் அங்கே?)
பிறகு வீடு. ஆறு மாதம் சனிக்கிழமைதோறும்
ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூடமாட வேலை.
"இது தண்டனையா, சுற்றுலாவா?"
என்றார் செயலாளர்.

சர்க்கரை மாத்திரை வாங்கப் போன அன்று
டோக்கன் கொடுத்தது அவன்.
பதினேழு என்று எழுதி நீட்டினான்.
மணிக்கட்டைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம்.
அவன் என்னைப் பார்த்தானா தெரியாது,
நான் பதினேழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருந்திவிட்டானா என்று கேட்கிறார்கள்.
கொட்டகைக்கு இப்போது இரண்டு பூட்டு.
அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

கயிறு வீணாகவில்லை. கன்றைக் கட்டுகிறேன்.
முடிச்சுப் போட்டதும்
இரண்டு விரல் உள்ளே நுழைகிறதா என்று
மாடு வைத்திருக்கிற எல்லோரும் பார்ப்பதுதான்.
அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.
நானும்.